ஒரே மூச்சில் பிடித்த ஸோ

ஜொகூரின் மாசாயில் நல்ல இரும்புக் கேட் வேண்டுமென்றால் ரோலண்டிடம்தான் போக வேண்டும். இதை ரோலண்டே சொல்வார். விலை கேட்க வந்தவர்களிடமும் சொல்வார், வழி கேட்க வந்தவர்களிடமும் சொல்வார். சொல்லிக்கொள்வதில் என்ன தப்பு? பண்டார் தெங்காரா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஆறாம் வகுப்போடு புத்தகப் பையைக் கழற்றி மாட்டிய பையன் அவர். பாசிர் கூடாங்கில் கப்பல் கட்டும் இடத்தில் தீப்பொறிக்கு நடுவே வெல்டிங் பழகி, யார் சிபாரிசும் இல்லாமல், யார் கையையும் பிடிக்காமல் சொந்தப் பட்டறை போட்டார். இன்று லோரிக் கதவில் அவர் பெயர் இருக்கிறது. பெரிய படிப்புப் படித்தவர்கள் வசிக்கும் தாமான் குடியிருப்பு வீடுகளில் அவர் போட்ட கேட்தான் வாசலில் நிற்கிறது. கல்லூரிக்குப் போனவன் எவனாவது இப்படி ஒரு கேட்டை நிமிர்த்தி நிறுத்திக் காட்டட்டும் பார்க்கலாம்.

ஆனால் கேட்டைப் பற்றிப் பேசும்போதுகூட அவர் குரலில் அவ்வளவு மிடுக்கு வராது. அந்த ‘ஸோ’வைப் பற்றிப் பேசும்போதுதான் வரும்.

ரோலண்ட் சர்ச் பாடகர் குழுவில் பேஸ் பாடுகிறவர். அடித்தொண்டைக் குரல். பல வருஷங்களுக்கு முன்னால், ஐயாத்துரை மாஸ்டர் குழுவை நடத்திய காலத்தில், அவர்கள் ஓர் ஓரட்டோரியோ பாடினார்கள். வேதாகமக் கதையை வேஷமும் திரையும் இல்லாமல், நின்ற இடத்தில் நின்று பாடியே சொல்லி முடிப்பதுதான் ஓரட்டோரியோ. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மன்காரர் எழுதியது. யாரோ ஒரு போதகர் அதற்குத் தமிழில் சொற்கள் போட்டிருந்தார். அதன் நடுவே ஒரு ஜெபப் பாட்டு வரும். சிறைபிடித்து அந்நிய தேசத்துக்கு நடத்திப் போகப்படும் ஜனங்கள் வழியில் ஓரிடத்தில் உட்காருகிறார்கள். வாய்விட்டு அழவும் பயம். தாழ்ந்த குரலில், ‘களைத்துப்போனோம், கர்த்தாவே, எங்களை விட்டு அகலாதேயும்’ என்று வேண்டுகிறார்கள். மேலே பெண்களின் குரல்கள் ஒன்றை ஒன்று தொட்டுத் தொட்டு வேண்டிக்கொண்டே போகும். கீழே பேஸ் பாடும் ஆண்களுக்கு மெட்டே கிடையாது. டோ ரே மீயில் ஐந்தாவதாக வரும் ஒரே ஒரு ஸோ, அதுவும் தாழ்ந்த ஸோ. பாட்டு கடைசியில் ‘டோ’வில் வந்து உட்காரும்வரை அந்த ஸோ அறுந்துபோகாமல் நிற்க வேண்டும். டோ ரே மீ எழுத்தில் எழுதிய தாளைப் பார்த்தால் அவர்கள் வரியில் ஒரு ஸோவும், அதற்குப் பின்னால் வெறும் கோடு கோடாகவும்தான் இருக்கும்.

அந்த ஸோவை அன்றைக்கு ரோலண்ட் ஒரே மூச்சில் பிடித்தார். போதகர் இறங்கி வந்து கை குலுக்கினார். முன்பின் தெரியாத ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அதிலிருந்து கல்யாண வீடோ துக்க வீடோ, எங்கே நாலு பேர் கூடினாலும் ரோலண்ட் பேச்சைச் சுற்றி அந்த ஸோவில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். “ஒரே மூச்சு. நடுவுல ஒரு சொட்டுக் காத்து உள்ள போகல.”

கேட்டவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள், ஒருவரைத் தவிர. பேஸ் வரிசையில் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் தேவானந்தன், இலங்கைத் தமிழர் குடும்பம். அப்பா ரயில்வேயில், இவர் அரசாங்க ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்றவர். கோடும் புள்ளியுமாக எழுதிய வெள்ளைக்காரத் தாளைப் பார்த்தே பாடுவார். ரோலண்ட் கதையை ஆரம்பித்தால் போதும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு தலையாட்டல் கிடையாது, ஒரு ‘அப்படியா’ கிடையாது. படித்த திமிர் என்று ரோலண்ட் முடிவு கட்டி வைத்திருந்தார்.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்கும் முன்னே, ஸ்கூடாயில் இசை சொல்லிக் கொடுக்கும் கிறிஸ்டின், இப்போது குழுவை நடத்துகிறவள், அந்த ஓரட்டோரியோவைத் திரும்ப எடுக்கப் போவதாகச் சொன்னாள். குருத்தோலை ஞாயிறு மாலை பாடுவது என்று ஏற்பாடு.

எல்லாரும் ரோலண்டைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ரோலண்டும் சிரித்தார். ஆனால் வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு வரும்போது அந்தச் சிரிப்பு அவரிடம் இல்லை.

ஏனென்றால் கொஞ்ச காலமாகக் காலையில் பட்டறையின் இரும்புக் கதவைத் தூக்குவதற்குள் இடையில் ஒரு முறை நிற்க வேண்டியிருந்தது. கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது, அத்தனை வருஷ வெல்டிங் புகை என்றார். மருந்தை ஒழுங்காக எடுத்தால் பயமில்லை, ஆனால் பழைய மூச்சு திரும்பாது. மனைவி கெர்ட்ரூடுக்கு மட்டும் இது தெரியும். அவளிடமும் ரோலண்ட் சொல்லவில்லை. மருந்துப் பையைப் பார்த்து அவளே தெரிந்துகொண்டாள்.

பாடகர் குழுவில் தெரிந்தால் என்ன ஆகும்? வேறொன்றும் ஆகாது, அந்த ஸோ போய்விடும். தான் கட்டிய எல்லாக் கேட்டையும்விட அது உறுதியானது என்று ரோலண்ட் நம்பியிருந்தார்.

முதல் ஒத்திகையிலேயே வினை வந்தது. ஜெபப் பாட்டு அழகாக ஏறியது. பெண்கள் வேண்டத் தொடங்கினார்கள். கீழே பேஸ் வரிசை ஸோவைப் பிடித்தது. பாதி தூரம் போனதும், பஸ் திடீரென்று பிரேக் போட்ட மாதிரி, அடிக்குரல் மொத்தமாக நின்றுபோய், பிறகு ஒரு பெரிய பெருமூச்சோடு திரும்ப வந்தது.

“பேஸ், நிறுத்துங்க,” என்றாள் கிறிஸ்டின். “என்ன நடந்துச்சு அங்க? எல்லாரும் ஒண்ணா காணாம போயிட்டீங்க.”

“மூச்சு முடிஞ்சிருச்சு டீச்சர்,” என்றான் பேஸ் வரிசையில் நின்ற கவின். சிங்கப்பூர் வேலை முடிந்து, எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று, உடுப்பு மாற்றாமல் வந்திருந்தான்.

“எல்லாருக்கும் ஒரே நேரத்துலயா?”

“ஒரே நேரத்துலதான எடுத்தோம்.”

பெண்கள் வரிசையில் சிரிப்பு எழுந்தது. கிறிஸ்டின் சிரிக்கவில்லை. “யாரு உங்கள ஒரே மூச்சுல புடிக்கச் சொன்னா?”

பேஸ் வரிசை முழுவதும் ரோலண்ட் பக்கம் திரும்பியது. அப்போதுதான் கிறிஸ்டினுக்கு விஷயம் புரிந்தது. ரோலண்டின் கதையைக் கேட்டுக் கேட்டு, இந்தச் சர்ச்சில் பேஸ் பாட வரும் ஒவ்வொருவனும் அதுதான் முறை என்று நினைத்திருந்தான். குளிக்கும்போது, மோட்டார் சைக்கிளில் போகும்போது, தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்கு அடியில், தம் பிடித்துப் பழகியிருந்தார்கள். எல்லாரும் ஒரே அளவு பழகியதால் எல்லாருக்கும் ஒரே இடத்தில் தீர்ந்தது.

“இது ஒரு ஆளோட ஸோ இல்ல,” என்றாள் கிறிஸ்டின். “ஒருத்தர் மூச்சு எடுக்கும்போது பக்கத்துல நிக்கிறவரு எடுக்கக்கூடாது. குரல மெதுவா கொறைச்சிக்கிட்டு வெளிய போங்க. மூச்சு எடுங்க. அதே மாதிரி சத்தமில்லாம உள்ள வாங்க. நீங்க போனதும் தெரியக்கூடாது, வந்ததும் தெரியக்கூடாது. மூச்சத் திருடறதுன்னு சொல்வோம். எல்லா கோரஸ்லயும் அப்படித்தான்.”

“அது ஏமாத்து வேலை இல்லையா, டீச்சர்?” ரோலண்டின் குரல்.

“எது அங்கிள்?”

“நைசா நழுவறது. கூட்டத்துல நிக்கிறோம்னு நம்ம வேலைய அடுத்தவன் தலையில கட்டறது. நான் எந்த வேலையையும் பாதியில விட்டு இன்னொருத்தன முடிக்கச் சொன்னதில்ல. மத்தவங்க வேணும்னா திருடட்டும். நான் புடிக்கிறேன்.”

“ஜெபம் அங்கிள் இது. போட்டி இல்ல லா.”

“நீங்க ஆரம்பிங்க டீச்சர்.”

கிறிஸ்டின் கையைத் தூக்கினாள். ரோலண்ட் மார்பை நிரப்பிக்கொண்டு ஸோவில் இறங்கினார். நன்றாகத்தான் இறங்கினார். தரையில் கால் வைத்த மாதிரி குரல் நின்றது. பெண்கள் இரண்டாவது முறை ‘அகலாதேயும்’ என்று வந்தபோது விலா எலும்புக்குள் ஏதோ இறுகியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தள்ளினார். அடுத்த கணம் இருமல் வந்துவிட்டது. சாதாரண இருமல் அல்ல, ஆளைக் குனிய வைக்கும் இருமல்.

எல்லாரும் தங்கள் தாளைக் குனிந்து பார்த்தார்கள். தேவானந்தன் மட்டும் அவர் பக்கம் திரும்பாமல் ஸோவைப் பிடித்தபடியே இருந்தார். அந்த இருமலுக்கு நடுவே ரோலண்டின் காதில் அந்தக் குரல் தெளிவாக விழுந்தது. எனக்கு முடிகிறது பார் என்று காட்டுகிறான், என்று நினைத்துக்கொண்டார். தாளை நாற்காலியில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவர் போல வெளியே போய், அப்படியே காரில் ஏறிவிட்டார்.

வீட்டில் உட்கார்ந்து குழுவின் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பப் பார்த்தார். பேசினார், அழித்தார். மறுபடி பேசினார், அழித்தார்.

“என்னாங்க, பேசிப் பேசி அழிக்கிறீங்க?” என்றாள் கெர்ட்ரூட்.

“வேலை ஜாஸ்தி, பாட வர முடியாதுன்னு சொல்லப் போறேன். ஒரு தாமான்ல மொத்த வரிசைக்கும் கேட் ஆர்டர்.”

“எந்தத் தாமான்?”

ரோலண்ட் போனைக் கவிழ்த்து வைத்தார். அவர் கணக்கு எளிது. இப்போது விலகிக்கொண்டால் அந்தப் பழைய ஸோ அப்படியே இருக்கும். ‘ரோலண்ட் இருந்திருந்தால்’ என்று நாலு பேர் சொல்வார்கள். போய் நின்று, சர்ச் நிறைய ஆட்கள் இருக்கும்போது இருமினால், பழையதும் சேர்ந்து போகும். அழிந்த பேரைத் திரும்பக் கட்ட அவரிடம் இன்னொரு மார்பு இல்லை.

அடுத்த ஒத்திகைக்கு அவர் போகவில்லை. அதற்கு அடுத்த நாள் காலை, பட்டறையில் ஒரு நீளமான கேட் சட்டத்தின் ஓரத்தை வெல்டிங் செய்துகொண்டிருந்தபோது வாசலில் ஒரு பழைய கார் வந்து நின்றது. தேவானந்தன் இறங்கினார். வெளிச்சம் கண்ணில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு, வேலை முடியட்டும் என்று ஓரமாக நின்றார். ரோலண்ட் பார்த்தும் பார்க்காதவர் போல வேலையைத் தொடர்ந்தார். கையிலிருந்த வெல்டிங் ராடு உருகித் தீர்ந்தது. நிறுத்தி, மேலே படிந்த கருப்புக் கசடைச் சுத்தியலால் தட்டி உதிர்த்து, புது ராடு மாட்டி, ஓரத்தை முடித்தார். முகமூடியைத் தூக்கினார்.

“வாங்க சார். கேட் வேணுமா?”

“கேட் வேண்டாம். உங்கட வேலையைப் பாத்துக்கொண்டு நிண்டனான்.” தேவானந்தன் குனிந்து ஓரத்தைப் பார்த்தார். “நடுவிலை ஒருக்கா நிப்பாட்டினீங்கள்.”

“ராடு தீந்தா மாத்தித்தான சார் ஆவணும். இவ்ளோ நீளத்துக்கு ராடு எவனும் செய்யறதில்ல.”

“எந்த இடத்திலை நிப்பாட்டினதெண்டு தெரியேல்லையே.”

ரோலண்டுக்குக் கோபம் மறந்துபோனது. இது அவருடைய சாம்ராஜ்யம். “அதுதான் சார் கை. விட்ட எடத்துல இருந்து தொடங்குனா பள்ளம் விழும். பழைய வெல்டிங் மேலயே கொஞ்சம் பின்னுக்குப் போயி, அத உருக்கி, அதோட சேத்து இழுத்துக்கிட்டு வரணும். தடவிப் பாருங்க, எங்க சேந்துச்சுன்னு கண்டுபுடிங்க பாப்போம். ஜொகூர் முழுக்கத் தேடினாலும் இந்தக் கை கெடைக்காது.”

தேவானந்தன் உண்மையிலேயே தடவிப் பார்த்தார். “அண்டைக்கும் தெரியேல்லை,” என்றார்.

“என்னைக்கு?”

“நீங்கள் அந்த ஸோவைப் பிடிச்ச அண்டைக்கு. நடுவிலை ஒருக்கா மூச்சு எடுத்தனீங்கள்.”

ரோலண்ட் முகமூடியை முழுவதுமாகக் கழற்றினார். “யாரு, நானா?”

“சின்ன மூச்சுத்தான். நான் பக்கத்திலைதானே நிண்டனான். நீங்கள் விட்ட இடத்திலை நான் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சன். நீங்கள் அதுக்கு மேலை வந்து சேந்திட்டீங்கள். உங்களுக்கே தெரிஞ்சிராது.”

“சார், வயசுக்கு மரியாதை குடுத்துப் பேசறேன். பொய் சொல்லாதீங்க.” பட்டறைக்குப் பின்னால் இருந்து கெர்ட்ரூட் கோப்பித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். “கெர்ட்டி, இங்க வா. நீ அன்னைக்கு முன்னாலதான உக்காந்திருந்த. நீயே சொல்லு இவருக்கு.”

கெர்ட்ரூட் முதலில் விருந்தாளியிடம் கோப்பியைக் கொடுத்தாள். “பசியாறிட்டீங்களா சார்?” என்று கேட்டாள். பிறகுதான் கணவர் பக்கம் திரும்பினாள். “உங்க தோளு ஒரு தடவ ஏறி எறங்குச்சுங்க.”

“அலமாக்.” ரோலண்ட் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். “அப்பறம் ஏன்டி இத்தன வருஷமா சொல்லல?”

“நீங்க எங்க சொல்ல விட்டீங்க? அந்தக் கதைய மட்டும் நடுவுல மூச்சே விடாமத்தான் சொல்வீங்க.”

தேவானந்தன் கோப்பிக் குவளைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். சிரிப்பு வெளியே தெரிந்தது. ரோலண்ட் அதைப் பார்த்தார். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

“நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல சார். ஒவ்வொரு தடவையும் கண்ணாடியத் தொடச்சிக்கிட்டு நின்னீங்க.”

“கேக்க நல்லாயிருந்தது. சிரிப்பு வந்தால் கண்ணாடியைத் துடைப்பன். பொய்யெண்டும் சொல்லேலாது, கேட்ட சனத்துக்கு அது அறுந்ததாகத் தெரியேல்லைத்தானே.” குவளையைத் தட்டில் வைத்தார். “நான் அதைச் சொல்ல வரேல்லை, ரோலண்ட். எனக்கும் இப்ப முந்தி மாதிரி ஏலாது. நேற்று ஒத்திகையிலை நான் மூச்சு எடுக்கப் போனால் அந்த இடம் வெறுமையாக் கிடக்கு. மற்றப் பக்கம் கவின், அவனுக்கு இந்த ஸோ அவ்வளவு கீழை இறங்காது. நீங்கள் வராட்டி நான் ஆரின்ரை பக்கத்திலை நிண்டு மூச்சு எடுக்கிறது?”

இத்தனை வருஷத்தில் தேவானந்தன் ‘மிஸ்டர்’ போடாமல் அவர் பெயரைச் சொன்னது அதுதான் முதல் முறை.

கார் போன பிறகு ரோலண்ட் வேலைக்குத் திரும்பவில்லை. அந்தச் சட்டத்தின் ஓரத்தையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஒத்திகையில் தான் இருமியபோது அந்த மனிதர் எதற்காக ஸோவை விடாமல் பிடித்தார் என்பது இப்போது விளங்கியது. காட்டுவதற்காக அல்ல. ரோலண்ட் திரும்பி வருவதற்காக வாசலைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே வராமல் காரில் ஏறிப் போனது யார்?

யார் கையையும் பிடிக்காமல் வந்தவன் என்று எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறார். கப்பல் கட்டும் இடத்தில் முதல் நாள் கண் வெந்துபோய் உட்கார்ந்தபோது, அவர் பங்கையும் சேர்த்து முடித்த வேலு ஞாபகத்துக்கு வந்தான். பட்டறை தொடங்கிய வருஷம் வேலை வராத மாதங்களில் கெர்ட்ரூட் தையல் மெஷினில் உட்கார்ந்தது ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கணக்கை அவர் கடைசிவரை போடவில்லை. போட்டால் எங்கே போய் நிற்குமோ என்று இருந்தது. எழுந்து, கிராம்பு இருக்கிறதா என்று கெர்ட்ரூடைக் கேட்டார். தொண்டைக்கு.

குருத்தோலை ஞாயிறு மாலை சர்ச் நிறைந்திருந்தது. ஸ்கூடாயிலிருந்து கிறிஸ்டினின் மாணவர்கள் வந்திருந்தார்கள். ரோலண்ட் தன் பழைய இடத்தில், தேவானந்தனுக்கு இடப்பக்கம் நின்றார். கன்னத்தில் கிராம்பு. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. மூச்சு எடுக்கப் போகிறவர் தன் பாட்டுக் கோப்பின் ஓரத்தால் மற்றவர் கோப்பை லேசாகத் தொட வேண்டும்.

ஜெபப் பாட்டு வந்தது. ஜனங்கள் வழியில் உட்கார்ந்தார்கள். ‘களைத்துப்போனோம், கர்த்தாவே.’ ரோலண்ட் ஸோவைப் பிடித்தார். அந்த இடம் வந்தது, அதே இறுக்கம். தள்ளிப் பார்க்கலாம் என்று பழைய புத்தி ஒரு தடவை சொன்னது. தேவானந்தனின் கோப்பின் ஓரத்தைத் தொட்டார். குரலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

வெளியே வந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பாட்டைக் கேட்டார். இத்தனை காலமும் அதற்கு அடியில் நின்று தூக்கிக்கொண்டிருந்ததால், மேலே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பெண்களின் குரல் வேண்டிக்கொண்டிருந்தது. ஸோ நின்றுகொண்டிருந்தது. அவர் இல்லாமலேயே நின்றது. அது வலித்தது. வலித்துக்கொண்டே இதமாகவும் இருந்தது. மூச்சை நிரப்பிக்கொண்டு, விட்ட இடத்துக்குக் கொஞ்சம் பின்னாலிருந்து, தேவானந்தனின் குரல் மேலேயே போய் உருகிச் சேர்ந்துகொண்டார்.

சற்று நேரத்தில் அவர் கோப்பின் ஓரத்தில் ஒரு தொடுகை. பக்கத்துக் குரல் மெலிந்து மறைந்தது. கவின் அந்தப் பக்கம் தாழ முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தான். இப்போது அந்த ஸோ ரோலண்டின் மேல்தான் நின்றது. ஜெர்மன்காரர் எழுதியதும், சிறைப்பட்ட ஜனங்களும், வேண்டிக்கொண்டிருந்த அத்தனை பெண்களும், பக்கத்தில் மூச்சுக்காக வாயைத் திறந்திருந்த வயதான ஒரு மனிதரும் அந்த ஸோவின் மேல். ரோலண்ட் அழுத்தவில்லை, மிடுக்குக் காட்டவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார். தேவானந்தன் திரும்பி வந்தது எப்போது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

ஸோ டோவில் வந்து உட்கார்ந்தது. இருமல் வந்தது, ஆனால் அதற்குள் கைதட்டல் ஆரம்பித்துவிட்டது.

பிறகு மண்டபத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு நின்றபோது, கிறிஸ்டினின் மாணவி ஒருத்தி அவரிடம் வந்தாள். “அங்கிள், அந்த அடி நோட் எப்படி அவ்ளோ நேரம் நின்னுச்சு? எங்கயும் விடவே இல்லயே.”

கெர்ட்ரூட் பக்கத்தில் நின்று கணவரின் வாயையே பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் தேவானந்தன் கையைக் கண்ணாடிக்குக் கொண்டுபோனார்.

“ஒரே மூச்சு,” என்றார் ரோலண்ட். மார்பு தானாக நிமிர்ந்தது. “நானு, அந்தா நிக்கிறாரே தேவானந்தன் சாரு, கவின், இந்த வரிசை மொத்தமும் சேந்து ஒரே மூச்சு. இந்த ஜொகூர்ல வேற எந்தச் சர்ச்சுலயாவது இப்படி ஒரு மூச்சு இருந்தா காட்டு, நான் பாடறதயே விட்டுடறேன்.”

தேவானந்தன் கண்ணாடியைக் கழற்றவில்லை. “மிஸ்டர் ரோலண்ட் சொல்லுறது சரி,” என்றார் அந்தப் பெண்ணிடம். “நான் பக்கத்திலைதான் நிண்டனான்.”